மூலநோயும் நாணமும்

நோய்களுள்ளும் உயர்வு தாழ்வு உண்டு போலும். நெஞ்சுநோயைப் பற்றிப் பந்தியில் இருந்து பேசலாம். நீரிழிவைப் பற்றி மணவீட்டிலே பேசலாம். கண்ணிற் புரை விழுந்தமையைக் கோயில் வீதியில் நின்று உரத்துச் சொல்லலாம். மூலநோய் ஒன்றைப் பற்றி மாத்திரம் மனைவியிடத்தும் மக்களிடத்தும் வாய் திறவாதார் பலர். வைத்தியன் முன்னே இருந்துகொண்டும் தலைவலி என்று தொடங்கி, எழுந்து வாயிலருகே சென்றபின் திரும்பி நின்று உள்ளதைச் சொல்வார் சிலர். இலக்கியமும் வரலாறும் சமயமும் பேசும் கட்டுரைகளுக்கிடையே கல்லூரி மலரில் இதனை எழுதப் புகுதல் தகுமோ என்று யானும் சில நாள் தயங்கினேன். அத்தயக்கமே பின்னர் எழுதுதற்குக் காரணமும் ஆயிற்று.

யான் பிறந்து வளர்ந்தது புத்தளம் மாவட்டத்துக் கடற்கரை. தெற்கே மாஓயா தொடங்கி வடக்கே கற்பிட்டிக் குடாநாடு வரை நீண்டு கிடக்கும் அக்கரையிலே முன்னேசுவரம், உடப்பு, ஆண்டிமுனை, முந்தல், புத்தளம் முதலியன தமிழ் வழங்கும் ஊர்கள். இந்துக்களும் இசுலாமியரும் கத்தோலிக்கரும் அங்கே கலந்து வாழ்கின்றனர். பலர் மீனவர், சிலர் உப்பளங்களில் வேலை செய்வோர், கற்பிட்டிப் பக்கத்து மணலிலே மிளகாயும் வெங்காயமும் பயிரிடுவோரும் உளர். கரைவலைச் சம்மாட்டி ஒருவர் எனக்குப் பெரியப்பா முறையானவர். ஆடி மாதத்திலே திரௌபதை அம்மன் கோயிற் தீக்குழியில் ஆண்டுதோறும் இறங்கியவர். கடலுக்கும் காற்றுக்கும் அஞ்சாதவர். அவருக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியும் வீட்டிலுள்ளார் எவரும் அறிந்திலர். கரணைக்கிழங்கு உண்டார், சூரை மீனையும் இறாலையும் விலக்கினார், யாரோ கொடுத்த தூளையும் மோரிற் கலந்து குடித்தார். உடல் மெலிந்து, வலைக்கயிறு பிடிக்க இயலாது போன பின்னரே என்னிடம் வந்தார். “முன்னமே சொல்லியிருக்கலாமே, பெரியப்பா” என்றேன். “இதெல்லாம் வெளியிலே சொல்லுகிற வருத்தமா தம்பி? மூலந்தானே என்று இருந்துவிட்டேன்” என்றார். அவருக்கு இருந்தது மூலமன்று, மலக்குடலிற் புற்றுநோய். விரல் நுழைத்துப் பார்த்த மாத்திரத்திலே தட்டுப்பட்டது. ஓராண்டுக்கு முன்னரும் அது விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கக் கூடும்.

“மூலந்தானே” என்று அவர் சொன்ன சொல்லிலே இரண்டு பிழைகள் மறைந்து கிடக்கின்றன. மூலம் என்றால் இன்னது என்று தமக்குத் தெரியும் என எண்ணியது ஒன்று. குதத்தின் வழியே இரத்தம் போனால் அது மூலமாகத்தான் இருக்கவேண்டும் என எண்ணியது மற்றொன்று. இவ்விரண்டனையும் பிரித்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூலம் யாது என்பதைக் காண்போம். நம்முள் அநேகர் அதனைப் புதிதாக முளைத்த ஒரு கட்டி என்றோ, பழுதடைந்து வீங்கிய இரத்தக்குழாய் என்றோ எண்ணுகின்றனர். வைத்தியர்களும் நெடுங்காலம் அதனை, காலில் நாளங்கள் புடைத்துச் சுருள்வது போன்றதொரு நாளப் புடைப்பு என்றே கருதிவந்தனர். 1975ஆம் ஆண்டிலே தொம்சன் என்னும் ஆங்கிலேய சத்திரவைத்தியர், இறந்தோர் உடல்களையும் சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த பகுதிகளையும் ஆராய்ந்து, வேறொரு கருத்தை வெளியிட்டார். குதக்கால்வாயின் உட்புறத்திலே மூன்று மெத்தைகள் எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே உள்ளன. சிறுநாடிகளும் நாளங்களும் நேரே கலக்கும் குருதிப் பைகளும், மெல்லிய தசைநார்களும், அவற்றைச் சுவரோடு பிணைக்கும் இழையங்களும் சேர்ந்தவையே இம்மெத்தைகள். நோயாளி மல்லாந்து கிடக்கக் கடிகார முகத்தை அவ்விடத்திற் பொருத்திப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று, ஏழு, பதினொன்று என்னும் மணிகளின் நிலையில் அவை அமைந்திருக்கும். வாயிலை அடைக்கும் தசைவளையம் எவ்வளவு இறுகினும் நடுவே சிறு இடைவெளி எஞ்சும். குழாயின் திருகை இறுக்கினாலும் உள்ளே தோல்வளையம் இல்லையேல் நீர் கசிவது போல, இம்மெத்தைகள் இல்லையேல் வாயுவும் நீரும் நம்மை அறியாமலே கசியும். இருமும்போதும் தும்மும்போதும் அவை குருதியால் நிரம்பிப் பருத்து வழியை அடைக்கின்றன. ஆகவே மூலம் என்பது நமக்கு உபகாரமாக இருந்த ஓர் உறுப்பு தன் நிலையினின்றும் வழுவுதலேயன்றி வேறன்று. பிணைத்து நிற்கும் இழையங்கள் தளர்ந்து தேய, மெத்தை கீழ்நோக்கிச் சரிகின்றது. சரிந்தது மலம் கழியும்போது உராய்ந்து குருதி சிந்துகின்றது. அக்குருதி நாளத்துக் கருங்குருதியாய் இராமற் செக்கச் செவேலென்று இருப்பதற்குக் காரணமும் இதுவே. நாடிகளிலிருந்து நேரே வருவது அது.

குதக்கால்வாயின் நீளம் ஏறக்குறைய மூன்று நான்கு சென்ரிமீற்றரே. அதன் நடுவே பற்களின் வரிசை போன்ற ஒரு கோடு ஓடுகின்றது. அக்கோட்டுக்கு மேலே உள்ளது குடலின் சவ்வு. அதற்கு வலி தெரியாது. கீழே உள்ளது தோல்; முள் தைத்தாற் கை துடிப்பது போல அது துடிக்கும். மூலநோயைப் பற்றிய ஐயங்களிற் பாதி இக்கோட்டை அறியாமையால் எழுகின்றன. மேலே தோன்றும் உள்மூலம் குருதி சிந்தும், வெளியே தள்ளும், ஆயினும் வலிப்பது அருமை. கீழே தோன்றும் வெளிமூலத்திலே குருதி உறைந்துவிட்டால், நாவற்பழம் போன்றதொரு நீலக்கட்டி ஓரிரவிலே எழுந்து, இரண்டு மூன்று நாள் உட்காரவும் விடாது வருத்தும்; பின்னர் ஓரிரு வாரத்தில் தானே வற்றிப்போம். மலங்கழிக்கும்போது கத்தியால் அறுப்பது போன்ற வலியும், துடைக்கும்போது ஒரு துளி இரத்தமும் காணின், அது பெரும்பாலும் மூலமன்று. தோலிலே ஏற்பட்ட வெடிப்பு. விட்டுவிட்டுச் சீழ் வடிந்து உடையை நனைப்பது பௌத்திரம். காய்ச்சலோடு கூடிய வீக்கம் சீழ்க்கட்டு. அது அன்றே கீறி வடிக்கவேண்டியது. இவை அனைத்தையும் நம்மவர் மூலம் என்னும் ஒரு சொல்லாலேயே வழங்குகின்றனர்.

இக்குழப்பத்துக்கு நம் பழைய வைத்தியர் பொறுப்பாளிகள் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி மூலத்தை இருபத்தொரு வகையாகப் பிரிக்கின்றது. இரத்தமூலம், முளைமூலம், சீழ்மூலம், பவுத்திரமூலம், வறள்மூலம், புறமூலம் என வரும் அப்பெயர்களைப் பார்க்கும்போது, குதத்தைச் சார்ந்த நோய்கள் பலவற்றை ஒரு குலத்துப் பிள்ளைகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனிக்குறியும் வகுத்த முயற்சி புலனாகின்றது. வடமொழியிலே சுசுருத சங்கிதை அர்சசு என்னும் இந்நோயை எட்டு மகாநோய்களுள் ஒன்றாக எண்ணி, மருந்து, காரம், தீ, கருவி என்னும் நான்கு வழிகளால் தீர்க்கவேண்டும் என்று முறைப்படுத்துகின்றது. பௌத்திரத்தை அதனோடு கலவாமல் வேறொரு மகாநோயாக வைத்திருக்கின்றது. பகுத்தறிந்தவர்கள் முன்னோர், தொகுத்து மயங்கியவர்கள் நாம். பெயர் ஒன்றாய்ப் போனமையாற் சிகிச்சையும் ஒன்றாய்ப் போயிற்று.

தமிழிலே இவற்றைத் தெளிவாகச் சொல்ல இயலாது என்பாரும் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்கராகிய சாமுவேல் கிறீன், 1867இலேயே ‘இரணவைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழிற் கொண்டுவந்தவர். அந்நிய நாட்டவர் ஒருவர் தமிழிற் கூசாது சொல்லியதை நாம் தமிழிற் சொல்லக் கூசுகின்றோம். மேனாட்டார் கூசவில்லை என்றும் எண்ணற்க. இலண்டனிலே 1835இல் இந்நோய்களுக்கென்றே ஒரு சிறு வைத்தியசாலையை பிரெடெரிக் சல்மன் ஏழு படுக்கைகளோடு தொடங்கினார். பின்னாளிற் சென் மார்க்ஸ் எனப் புகழ்பெற்றது அதுவே. 1841இல் நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் அவர் கையாலேயே பௌத்திரத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அக்காலத்து மயக்கமருந்து இல்லை. நாவலர் பெருமகனாருக்கும் வந்த நோய் நமக்கு வந்தால் அதில் இழிவு என்ன இருக்கின்றது?

இனி, மெத்தைகள் சரிவதற்குக் காரணம் யாது? இவ்விடத்திலே ஆராய்ச்சியாளர் ஒருமுகமாக இல்லை. உகண்டாவிலே நெடுங்காலம் பணிபுரிந்த டெனிஸ் பேர்க்கிற் என்னும் சத்திரவைத்தியர், ஆபிரிக்கக் கிராமத்து மக்களிடையே இந்நோய் அருகியும் மேனாட்டாரிடையே பெருகியும் இருப்பதைக் கண்டு, தவிடும் நாரும் நீக்கிய உணவே காரணம் என்றார். நாரற்ற உணவால் மலம் இறுகும். இறுகிய மலத்தை முக்கித் தள்ளும்போது மெத்தைகளின் பிணைப்பு அறும். தொம்சனின் ஆராய்ச்சி வெளிவந்த அதே 1975இலே இக்கருத்தும் விரிவாக வெளிவந்தது. ஆனால் 1990இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, மலச்சிக்கல் மிகுந்த வயதினரும் வகுப்பினரும் வேறு, மூலம் மிகுந்தோர் வேறு எனக் காட்டிற்று. ஆதலின் மலச்சிக்கல் ஒன்றே காரணம் என்று அறுதியிடல் ஆகாது. ஓயாத வயிற்றோட்டமும் கெடுக்கும். கருவுற்ற காலத்து வயிற்றழுத்தமும் பிள்ளைப்பேற்றின் முக்கலும் கெடுக்கும். வயது முதிர இழையம் தானே தளரும். ஆயினும் நார்ச்சத்தைக் கூட்டினாற் குருதிப்போக்குக் குறைகின்றது என்பதில் ஐயமில்லை. 378 நோயாளர்களைக் கொண்ட ஏழு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, நார் உண்டவர்களிடையே குருதிப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. காரணம் பற்றிய வாதம் முடியாவிடினும் மருந்து பலிக்கின்றது. வைத்தியத்தில் இஃது அடிக்கடி நிகழ்வதே.

நம் கரையின் உணவை இதனோடு வைத்துப் பார்த்தல் பயன் தரும். முன்னாளிலே தீட்டாத சிவப்பரிசியும், குரக்கன் பிட்டும், ஒடியற் கூழும், பனங்கிழங்கும், முருங்கையிலையும் அங்கே பொதுவுணவாய் இருந்தன. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது கோதுமை மா பங்கீட்டிலே வந்தது. வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான். இன்று விடியற்காலையிலே வாடிக்குச் செல்லும் மீனவனுக்குப் பாணும் சம்பலும் இனிப்புத் தேநீரும். நண்பகலிலே வெள்ளைச் சோறும் மீன்குழம்பும் பொரித்த கருவாடும். இரவிலே மீண்டும் பாண், அல்லது வெள்ளை மா இடியப்பம். மீன் நல்ல உணவே. ஆயினும் அதில் நார் ஓர் இழையும் இல்லை. இதிலே நகைப்புக்கிடமானது ஒன்றுண்டு. கற்பிட்டிக் குடாநாட்டு மணலிலே விளையும் காய்கறிகள் பாரவண்டிகளில் ஏறிக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் போகின்றன. அவ்வண்டிகள் செல்லும் வீதியோரத்து வீட்டின் சட்டியிலே கீரை இல்லை. கடற்கரைக் கிணறு பலவற்றில் நீர் உவர்ப்பு. கடலிற் செல்பவன் கொண்டுபோகும் நன்னீரோ ஒரு கலன். வெயிலிலே வியர்த்து, கருவாட்டு உப்பையும் உண்டு, குறைந்த நீரைக் குடிப்பவனுக்கு மலம் இறுகாமல் என் செய்யும்?

அடக்குதல் இன்னொரு கேடு. உடலின் இயல்பான உந்துதல்களைப் பதினான்கு வேகங்கள் என வகுத்து அவற்றை அடக்கலாகாது என்பது சித்த வைத்தியத்தின் விதி. மலம் அவற்றுள் ஒன்று. சிறு வள்ளத்திலே பலரோடு செல்பவன் கரை திரும்பும்வரை அடக்குகின்றான். மலசலகூடம் வீடுதோறும் அமையாத காலத்திலே எங்கள் ஊர்ப் பெண்கள் விடியுமுன் ஒருமுறையும் இருண்டபின் ஒருமுறையுமே வெளியே செல்லக்கூடியவராய் இருந்தனர். இடையில் உந்துதல் வந்தால் அதற்கு மதிப்பில்லை. இன்று வீடுதோறும் கூடம் வந்துவிட்டது. அதனோடு எதிர்மாறான கேடும் வந்திருக்கின்றது: உள்ளே போனவர் வெளியே வருவதில்லை. முன்னே செய்தித்தாள், இப்போது கைத்தொலைபேசி. 2025இல் அமெரிக்காவிலே 125 பேரை ஆராய்ந்தவர்கள், அங்கே கைத்தொலைபேசி பார்ப்போரிடம் மூலம் மிகுந்திருக்கக் கண்டனர். சிறிய ஆய்வு, காரணத்தை நிறுவியதாகாது. எனினும் அடியில் தாங்குதல் இன்றி மெத்தைகள் தொங்கிக்கொண்டிருக்க நெடுநேரம் குந்தியிருத்தல் நன்றன்று என்பதற்குப் பேராராய்ச்சி வேண்டியதில்லை. மாணவ நண்பர்கள் இவ்வொரு பந்தியையாவது நினைவில் வைக்கலாம்.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். சூரை, இறால், நண்டு, மிளகாய் ஆகியன சூடு. அச்சூடே மூலத்தைக் கிளப்பும் என்பது எங்கள் கரையில் வேரூன்றிய நம்பிக்கை. 2006இல் இத்தாலிய வைத்தியர்கள் ஐம்பது மூலநோயாளர்க்கு மிளகாய்த்தூள் அடைத்த குளிகையையும் வெறுங்குளிகையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தனர். வேறுபாடு ஒன்றும் காணவில்லை. தோல் வெடிப்பு உள்ளவர்க்கு மிளகாய் எரிவைக் கூட்டும் என்பது வேறு. மீனை விலக்குதலால் மூலத்துக்கு நன்மையில்லை என்றே கருதுகின்றேன். மீனுண்டு வாழும் மக்கள் மீனை விலக்கினால், குருதி இழந்த உடலுக்கு வேண்டிய புரதமும் இரும்பும் அல்லவா குறைகின்றன?

சிகிச்சைக்கு வருவோம். மூலம் முற்றும் அளவை நான்கு படிகளாகக் கூறுவர். இரத்தம் மட்டும் போவது முதற்படி. முக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போவது இரண்டாவது. விரலால் தள்ளினாலன்றிப் போகாதது மூன்றாவது. தள்ளியும் போகாமல் வெளியிலேயே நிற்பது நான்காவது. முதலிரு படிகளில் உள்ளோர் பெரும்பாலும் உணவாலும் பழக்கத்தாலுமே நலம் பெறுவர். தீட்டாத அரிசி, குரக்கன், கீரை, பயறு, பப்பாசி, விளாம்பழம் ஆகியவற்றை மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். ஒரே நாளிற் கூட்டினால் வயிறு பொருமும். உணவாற் போதாதவர் இசப்கோல் உமியை நீரிற் கலந்து உண்ணலாம். நாரைக் கூட்டி நீரைக் கூட்டாதவன் நிலை முன்னையதினும் மோசமாகும். வலியும் எரிவும் உள்ளபோது இளஞ்சூடான நீர் நிரப்பிய அகன்ற பாத்திரத்திலே பத்துப் பதினைந்து நிமிடம் அமர்ந்திருத்தல் எளிய நிவாரணம். கடைகளில் விற்கும் களிம்புகள் தற்காலிக ஆறுதல் தருமேயன்றி சரிந்த மெத்தையை மேலே ஏற்றா.

நாட்டு மருந்துகளை ஒரேயடியாகத் தள்ளுவாருடன் எனக்கு உடன்பாடு இல்லை. கடுக்காயும் திரிபலையும் மலத்தை இளக்குவன. புளியிட்டு நன்கு அவித்த கரணைக்கிழங்கு நாருள்ள நல்ல கறி. ஆமணக்கெண்ணெயில் வதக்கிய துத்தியிலையைக் கட்டினால் வீக்கத்துக்கு இதமாக இருக்கும். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்படி பதிவு பெற்ற சித்த வைத்தியர்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் நம் நாட்டில் உளர். காரநூல் என்னும் மருந்து தோய்த்த நூலைப் பௌத்திரத்திலே கட்டும் பழைய முறையை, காசி இந்துப் பல்கலைக்கழகத்திலே தேசுபாண்டே என்பார் 1960களில் மீட்டெடுத்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சோதனையில், நோய் மீளாமையில் அது சத்திரசிகிச்சையை வென்றது, புண் ஆறுவதற்கு மாத்திரம் கூடிய நாள் சென்றது. அஞ்சவேண்டியது பேருந்து நிலையச் சுவரிலே சுவரொட்டி ஒட்டி, ஒரே ஊசியால் மூலத்தை வேரோடு எடுப்பதாகச் சொல்பவரை. அரிக்கும் திரவத்தை அளவறியாது குத்தி, தோலும் தசைவளையமும் வெந்து, மலத்தை அடக்கும் ஆற்றலையே இழந்தவர்களை யான் கண்டிருக்கின்றேன். பெயரில்லாத தூள்களிலே பாஷாணம் கலந்திருத்தலும் உண்டு.

உணவாலும் பழக்கத்தாலும் தீராத இரண்டாம் படிக்கும், மூன்றாம் படியிற் சிலவற்றுக்கும் இறப்பர் வளையம் இடுதல் இன்று பெருவழக்கு. 1963இல் டெற்றோயிற் நகரத்து பரன் என்னும் வைத்தியர் அதனை எளிமையாக்கினார். சரிந்த மெத்தையின் மேற்பகுதியைக் கருவியால் இழுத்து, அதன் கழுத்திலே சிறு இறப்பர் வளையத்தைப் பூட்டிவிடுவர். வளையம் வலி தெரியாத சவ்விலே விழுவதால் மயக்கமருந்து வேண்டியதில்லை. நோயாளி அன்றே வீடு திரும்பலாம். குருதியோட்டம் தடைப்பட்ட பகுதி ஒரு வாரம் அளவிலே உதிர்ந்து, அவ்விடத்துத் தழும்பு எஞ்சியதை மேலே பிணைத்துக்கொள்ளும். உதிரும்போது சிறிது இரத்தம் காணும்; அஞ்சவேண்டா. ஆனால் வளையமிட்ட பின் காய்ச்சல், கடும்வலி, சிறுநீர் கட்டுதல் மூன்றும் சேர்ந்து வருமாயின் அன்றே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்; அது அரிது, ஆயினும் உயிருக்கு ஊறு. குருதி உறையாதிருக்க மருந்துண்பவர் அதனை முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். வாதுமையெண்ணெயிற் கலந்த பீனோலை உள்மூலத்தின் அடியிலே செலுத்தும் முறையும் முதற்படிக்கு வழங்குகின்றது. தேர்ந்தவர் கையில் அது மருந்து. முன்னே சொன்ன சுவரொட்டிக்காரர் கையில் அதுவே நஞ்சு.

முற்றிய மூலத்துக்குச் சத்திரசிகிச்சையே வழி. சென் மார்க்சில் மிலிகன், மோர்கன் என்போர் 1937இல் வகுத்த முறை இன்றும் நிலைத்திருக்கின்றது. மூன்று மெத்தைகளையும் வெட்டி, இடையிடையே தோற்பாலங்களை விட்டுவைப்பது அதன் நுட்பம். பாலம் விடாது வட்டமாக வெட்டினால் ஆறும்போது வாயில் சுருங்கிவிடும். சில வாரங்களுக்கு வலி மிகுதிதான். அதனை மறைத்துச் சொல்வது நேர்மையன்று. வலியைக் குறைக்க 1998இல் இத்தாலிய வைத்தியர் லோங்கோ தைப்புக்கருவி முறையைப் புகுத்தினார். பிரித்தானியாவிலே 777 நோயாளர்களைக் கொண்டு நடந்து 2016இல் வெளிவந்த சோதனை, புதியதில் முதல் வாரங்களின் வலி குறைவு என்றும், ஈராண்டுக் கணக்கிற் பழையதே மேல், நோய் மீள்வதும் அதிலே குறைவு என்றும் காட்டிற்று. புதியன எல்லாம் உயர்ந்தன அல்ல என்பதைச் சத்திரவைத்தியரும் கற்கவேண்டியிருந்தது. நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிலே இச்சிகிச்சைகளுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் கரையாருக்குச் சிலாபமும் புத்தளமும் தூரமல்ல. தூரமாயிருப்பது வேறொன்று.

மலத்தோடு இரத்தம் போவார் பலருக்கு இருப்பது மூலமே. ஆயினும் பார்க்காமல் அதனை எவராலும் உறுதி கூற இயலாது. மூலம் இருப்பவனுக்கே மேலே புற்றும் இருக்கலாம். பெருங்குடல், மலக்குடற் புற்று இன்று இலங்கையில் முன்வரிசையில் நிற்கும் புற்றுநோய்களுள் ஒன்று. செந்நிறமின்றிக் கறுத்த குருதி, மலத்தோடு கலந்து வருதல், சளி போதல், நெடுநாட் பழக்கம் திடீரென மாறிச் சிலநாட் கட்டுதலும் சிலநாட் கழிதலுமாய் இருத்தல், போய்வந்த பின்னும் போகாதது போன்ற உணர்ச்சி, காரணமின்றி மெலிதல், சோகை, குடும்பத்தில் எவருக்கேனும் அந்நோய் இருந்தமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதிக்கலாகாது. நாற்பத்தைந்து ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக இரத்தம் கண்டால் வேறு குறி வேண்டியதே இல்லை. இளைஞர்க்கு வாராது என்றும் சொல்வதற்கில்லை. மதுவால் ஈரல் கெட்டவர்களுக்குக் குதநாளங்கள் புடைத்துச் சிந்துவது மூலம் போலவே தோன்றும். அதனை மூலமென்று கட்டினால் விபரீதமாகும். பெண்களிடத்து இன்னொரு மயக்கம்: சோகை கண்டால் அதனை மாதவிடாயின்மேற் சுமத்திவிட்டு, குதவழிக் குருதியை எவரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

பரிசோதனையைப் பற்றிய அச்சம் அதனை அறியாமையால் வருவது. ஆதலின் நடப்பதை உள்ளவாறு சொல்கின்றேன். இடப்பக்கம் சரிந்து முழங்கால்களை வயிற்றோடு மடக்கிப் படுக்கவேண்டும். வேண்டிய இடம் தவிர மற்றெல்லாம் துணியால் மூடப்பட்டிருக்கும். பெண்ணாயின் உடன் ஒரு தாதி நிற்பார். பெண் வைத்தியரைக் கேட்கவும் உரிமை உண்டு. வைத்தியர் முதலில் வெளியே பார்ப்பார். பின் கையுறையிட்டு, களிம்பு பூசிய விரலை நுழைத்துச் சுற்றிலும் தடவிப் பார்ப்பார். அதன்பின் பெருவிரல் அளவான சிறு குழாயை நுழைத்து வெளிச்சத்திலே மெத்தைகளைக் காண்பார். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். ஐயம் இருந்தால் மட்டும் பெருங்குடலை உட்காட்டியால் நோக்குவதற்கு வேறொரு நாள் குறிப்பார்.

பெரியப்பாவை மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினோம். காலம் கடந்திருந்தது, அடுத்த ஆடித் தீமிதிப்பை அவர் காணவில்லை. அந்தியேட்டிக்கு நான்கு நாள் கழித்து, அவருடைய தம்பி, எனக்குச் சித்தப்பா, மாலையிருட்டிலே வந்து முற்றத்தில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “எனக்கும் இரண்டு வருடமாக இரத்தம் போகுது தம்பி, அண்ணருக்குச் சொன்னனான், அவர் கரணைக்கிழங்கு தின்னச் சொன்னவர்” என்றார். மறுநாளே பார்த்தோம், பின்னர் உட்காட்டியாலும் பார்க்கச் செய்தோம். அவருக்கு இருந்தது மூலமே, இரண்டாம் படி. இறப்பர் வளையம் இரண்டு இட்டார்கள். பத்தாம் நாள் அவர் கரைவலைக் கயிற்றில் நின்றார். அன்று பாடு நல்ல பாடு என்று பிள்ளையிடம் ஒரு பாரை மீன் கொடுத்து விட்டிருந்தார்.